பாட்டுக்கு உரிமை கேட்டவர்

அத்தியாயம் 9

மூன்றாவது மெயில் வந்து இன்றோடு ஏழு நாள். கெடு மாலை ஆறு மணிக்கு முடிகிறது.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வாடகை வீட்டின் முன்னறையில், தையல் மிஷினுக்கு முன்னால் வெற்றிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை. காலையிலிருந்து ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் எடுத்த வீடியோதான். பதினைந்து நிமிடத்தில் பிளவுஸ் வெட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது. ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்க்கும் சேனல். அதில் அவள் குரலைத் தவிர பாட்டோ, பின்னணி இசையோ எதுவும் கிடையாது. அப்படித்தான் ஒரு மாதத்துக்கு முன்புவரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது நிமிடம் நாற்பதாவது வினாடி. அவள் துணியில் சாக்பீஸால் கோடு போடுகிறாள். பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு. வார்த்தை இல்லாத ராகம். அடியிலிருந்து மெல்ல ஏறி, இன்னும் ஏறி, சட்டென்று நின்றுவிடுகிறது. மாடிப்படி ஏறுகிறவர், அடுத்த படி இல்லாத இடத்தில் காலை வைத்தது மாதிரி.

மொத்தமே முப்பத்தெட்டு வினாடிதான்.

முணுமுணுப்பது அம்மா சின்னம்மாள். பின்னால் உட்கார்ந்து பிளவுஸுக்குக் கொக்கி தைப்பாள். தான் முணுமுணுப்பதே அவளுக்குத் தெரியாது. கேட்டால், "நான் எங்கடி பாடுனேன்?" என்பாள்.

அந்த முப்பத்தெட்டு வினாடிக்குத்தான் 'மேட்டாங்காடு ஆடியோ' என்ற பெயரில் யாரோ காப்பிரைட் கேட்டிருந்தார்கள். முதலில் வீடியோ தளத்தின் கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னது. செல்வி மறுத்து எழுதினாள். அந்தப் பக்கம் அதை ஏற்கவில்லை. வீடியோவையே எடுக்க வைத்துவிட்டார்கள். பத்து நாளில், அதே முணுமுணுப்பு இருந்த இன்னொரு வீடியோவும் போனது. இப்போது மூன்றாவது. மூன்றாவதும் போனால் சேனலே இருக்காது. ஐந்து வருட உழைப்பு.

போன வாரம் அந்த மேட்டாங்காடு ஆடியோவைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏற்றியது. நாற்பத்தோரு பேர்தான் கேட்டிருந்தார்கள். ஒரு வயதான ஆணின் குரல். அதே ராகம்.

கேட்டதும் அக்கா கலைமணிக்கு அனுப்பினாள். அக்கா போன் செய்தாள். ஒரு நிமிடம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு எதுவும் பேசாமல் வைத்துவிட்டாள்.

இன்று காலையில்தான் மறுபடியும் போன் செய்தாள்.

"அரியலூருக்கு வா. ஒரு வக்கீலப் பாத்து வெச்சிருக்கேன். அம்மாகிட்ட சொல்லாத."

செல்வி செருப்பை மாட்டும்போது சின்னம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"எங்கடி இந்த வெயில்ல?"

"லைனிங் துணி எடுத்துக்கிட்டு வந்துடறேன்மா."

பொய் சொன்னோமே என்று பஸ் ஏறும்வரை மனசு குறுகுறுத்தது.

*

வக்கீல் தமிழரசனின் ஆபீஸ் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்தது. கலைமணி அரை நாள் லீவு போட்டுவிட்டு முன்பே வந்து காத்திருந்தாள். அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவள் உதவியாளர். பதினெட்டு வயதில், அப்பா இறந்ததற்காகக் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை.

வக்கீல் மெயில்களையெல்லாம் பொறுமையாகப் படித்தார்.

"இந்த ராகம் யாரு போட்டது?"

"எங்க அப்பா சார்" என்றாள் செல்வி. "பேரு அங்கமுத்து. ரோடு போடற வேலை பாத்தாரு. சும்மா வாய்க்கு வந்தபடி பாடுவாரு. எங்கயும் எழுதி வெக்கல. வூட்டோட சரி."

"அப்பா இருக்காரா?"

"இல்லைங்க. ரெண்டாயிரத்து நாலுல தவறிட்டாரு. சுண்ணாம்புக்கல் லாரி ஒண்ணு கவுந்து எரிஞ்சு போச்சு, அதுல போயிட்டாரு. அப்ப எனக்கு எட்டு வயசு."

கலைமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரொம்ப சுலபம்மா" என்றார் வக்கீல். "பாட்டு போட்டவரு இறந்துட்டா அறுபது வருஷம் வரைக்கும் உரிமை வாரிசுங்களுக்குத்தான். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வெச்சு எதிர்மனு போட்டுடலாம். மனு நிலுவையில இருக்கறப்ப சேனல மூட மாட்டாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. உண்மையத்தான் சொல்றேன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். உங்க பேரு, விலாசம் எல்லாமே எதிர்த்தரப்புக்குப் போகும்."

"வேற வழி இல்லைங்களா சார்?" கலைமணி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இருக்கு. நியாயமான பயன்பாடுன்னு வாதாடலாம். இது தையல் சொல்லிக்குடுக்கற வீடியோ. பின்னால ஒரு அம்மா முணுமுணுக்கறாங்க. பாட்ட விக்கல, பாட்டுக்காக யாரும் பாக்கல. அப்படி எழுதலாம். ஆனா ஒண்ணு. அப்படி எழுதினா, 'பாட்டு உங்களோடதுதான், நாங்க தெரியாம கொஞ்சம் எடுத்துக்கிட்டோம், அதுல தப்பில்ல'ன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அதையே எழுதிடுங்க சார்."

செல்வி திரும்பினாள். "என்னக்கா பேசற? அப்பா பாட்ட எவனுக்கோ எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

கலைமணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கும் அந்த ஆடியோவ நானும் ஒருதடவ கேட்டுக்கறேன்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் போட்டார். பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர்கள்.

செல்போனில் கேட்டதற்கும் இதற்கும் எவ்வளவோ வித்தியாசம். அந்த ஆள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்து பாடுவது போலிருந்தது.

ராகம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதற்கு அடியில், எங்கோ தூரத்தில் ஒரு சைரன் ஊதியது. நீளமாக மூன்று முறை. கடைசியில் குட்டையாக ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து, தரைக்குள்ளிருந்து வருவது போல ஒரு தடால்.

"நிறுத்துங்க சார்" என்றாள் கலைமணி. எழுந்து வெளியே போய்விட்டாள்.

மாடிப்படியில் அவளைப் பிடித்தாள் செல்வி.

"அது எங்க ஊரு சைரன் செல்வி."

"எது?"

"ரெட்டிபாளையத்துல எங்க வூட்டுக்குப் பின்னால ஒரு குவாரி இருக்குல்ல. மத்தியானம் வெடி வெக்கறதுக்கு முன்னால ஊதுவாங்க. மூணு நீளம், ஒரு குட்டை. அப்படி ஊதறது அந்தக் குவாரி மட்டுந்தான். லீவு நாள்ல அந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் என் பொண்ணு சோத்துக்கு வருவா."

"அதனால?"

"அதனாலயா? மூணு வருஷத்துக்கு முன்னால அந்தக் குரல் எங்க வூட்டுப் பக்கத்துல உக்காந்து பாடியிருக்கு. அப்பா போனப்ப உனக்கு எட்டு வயசு, மறந்திருக்கும். எனக்குப் பதினேழு. அந்தக் குரல என்னால மறக்க முடியாது."

கீழே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கலைமணி குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா செத்துட்டாருன்னு சத்தியம் பண்ணி நாம எழுதிக் குடுப்போம். அத அவரே படிச்சா? அந்தச் சான்றிதழ வெச்சுத்தான்டி நான் வேலையில இருக்கேன். இருபது வருஷ சர்வீஸ்."

"செத்துப்போனவரு எப்படிக்கா பாடுவாரு?"

"அதைத்தான் நானும் ஒரு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அப்போது செல்வியின் போன் அதிர்ந்தது. 'நீங்கள் யார்? இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று இரண்டு நாளைக்கு முன்னால் மேட்டாங்காடு ஆடியோவுக்கு மெயில் எழுதியிருந்தாள். அதற்குப் பதில் வந்திருந்தது.

'இந்தப் பாட்டு எங்கள் வீட்டில் ஒருவருக்கும், இறந்துபோன ஒருவருக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் யார்?'

இருவரும் அதை இரண்டு முறை படித்தார்கள். பட்டப்பகல். கீழே மெடிக்கல் ஷாப்பில் யாரோ காய்ச்சல் மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கலைமணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவக் கேக்கணும்" என்றாள் செல்வி. "வேற வழி இல்லக்கா."

*

நாலரை மணிக்கு இரண்டு பெண்களும் சேர்ந்து வந்து நின்றதும் சின்னம்மாள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"லைனிங் துணி வாங்கப் போனவ அக்காவ வாங்கிக்கிட்டு வந்திருக்க. என்ன விஷயம்?"

செல்வி எதையும் விளக்கவில்லை. "இத கேளும்மா" என்று ஆடியோவைப் போட்டு, போனை அவள் கையிலேயே கொடுத்தாள்.

ராகம் கிளம்பியது. சின்னம்மாளின் முகம் மாறவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராகம் ஏறி ஏறி, வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்தது.

நிற்கவில்லை.

போன வாரம் முதல்தடவை கேட்டபோதே செல்வி அதைக் கவனித்திருந்தாள். இந்தக் குரலில் பாட்டு நிற்பதில்லை. அந்த இல்லாத படியைத் தாண்டி, வளைந்து, மெல்லக் கீழே இறங்கி முடிகிறது. அவர்கள் யாரும் கேட்டே இராத இரண்டாம் பாதி.

ஆனால் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ராகத்துக்குப் பின்னால் அல்ல, அதற்கு ஒரு நொடி முன்னால். எங்கே வளையும், எங்கே இறங்கும் என்று எல்லாம் தெரிந்த மாதிரி.

செல்வி அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மீதிப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னம்மாள் போனைத் தரையில் வைத்தாள்.

"அவரு போன அன்னிக்குக் காலையில நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். எதிர்ல வந்து குந்துனாரு. முழுசாப் பாடிக் காட்டுனாரு. 'முடிஞ்சிருச்சு சின்னம்மா'ன்னாரு. நான் பாட்ட சொல்றாருன்னு நெனச்சேன். பைய எடுத்துக்கிட்டுப் போனவருதான். ரெண்டு நாளு கழிச்சு ஊர்ல ஒருத்தி வந்து சொல்றா, அவருக்கு வேற எடத்துல ஒரு வூடு இருக்காம்."

"லாரி எரிஞ்சது?" கலைமணி கேட்டாள்.

"அது நாலாம் நாளு. போலீஸ்காரங்க வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. டிரைவரத் தவிர இன்னொரு ஆளு, யாருன்னு தெரியல, உங்க வூட்டுக்காரரக் காணோம்னு சொல்றாங்களே, வந்து பாருங்கன்னாங்க. மொகம்னு ஒண்ணும் இல்ல. இடது காலு மட்டும் லாரிக்கு வெளிய கெடந்ததால அப்படியே இருந்துச்சு."

வெளியே பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் துறையூர், துறையூர் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாவுக்கு இடது காலுல சுண்டு வெரல் கெடையாது. ரோடு ரோலர் ஏறி போச்சு. அந்தக் காலுல அஞ்சு வெரலும் இருந்துச்சு."

"நீ என்னம்மா சொன்ன?" என்றாள் செல்வி.

"'இவருதானேம்மா'ன்னு கேட்டாங்க. ஒருதடவ தலைய ஆட்டுனேன். அவ்வளவுதான். ரெண்டு பொட்டப் புள்ளைய வெச்சுக்கிட்டு, எவளோடயோ போயிட்டாருன்னு சொல்லிக்கிட்டு அந்த ஊர்ல இருக்க முடியுமா? செத்துட்டாருன்னா நாலு பேரு எட்டிப் பாப்பாங்க. அன்னிக்கு எனக்கு அது மட்டுந்தான் தோணுச்சு. வேலை கெடைக்கும்னு எல்லாம் அப்ப எனக்குத் தெரியாது, கலை. சத்தியமாத் தெரியாது."

கலைமணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டாள்.

"அப்ப சித்தப்பா கொள்ளி வெச்சது யாருக்கும்மா?"

"தெரியாது."

"யாரும் தேடி வரலியா?"

"தெனம் எதிர்பாத்தேன். கதவு தட்டுனா அந்த ஆளோட பொண்டாட்டிதான் வந்துட்டான்னு தோணும். இன்னிவரைக்கும் யாரும் வரல."

மணி ஐந்து பத்து. செல்வி எதிர்மனு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரிசு என்று எழுதினால் சத்தியத்தின் பேரில் பொய். நியாயமான பயன்பாடு என்று எழுதினால் தப்பிக்கலாம், அக்காவும் தப்பிப்பாள். கை ஓடவில்லை.

"அதுல என்னடி எழுதணும்?" சின்னம்மாள் கேட்டாள்.

"யாரு பாட்டுன்னு."

"அவரோட பாட்டு. நான் பாடுனேன். வேற என்ன இருக்கு எழுதறதுக்கு? அந்த மனுவெல்லாம் வேணாம். மெயில் போட்டாங்களே, நீங்க யாருன்னு, அதுக்குப் பதில் போடு. பாடுனது சின்னம்மாள், அங்கமுத்து பொண்டாட்டின்னு போடு. வூட்டு விலாசத்தையும் போடு."

"அம்மா!" கலைமணி போனைப் பிடுங்க வந்தாள். "என் வேலை போயிடும்மா. கேஸு கூடப் போடுவாங்க. என் புள்ளைய நெனச்சுப் பாரு."

"பொய் சொன்னது நான், நீ இல்ல. எவன் வந்து கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

"இருபத்தோரு வருஷம் சொல்லாம இருந்துட்டு இன்னிக்கு எதுக்கும்மா?"

"தெனம் ஒரு செத்த ஆளுகூடக் குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்கேன்டி. அது யாருன்னும் எனக்குத் தெரியாது." சின்னம்மாளின் குரல் உயரவில்லை. "செல்வி, எழுதிட்டியா? எத அமுக்கணும்?"

செல்வி காட்டினாள். சின்னம்மாள் ஊசி குத்திக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலால், தானே அழுத்தினாள்.

கலைமணி சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். செல்வி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடத்தான் கை வரவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்கு முதல் மெயில் வந்தது. மூன்று வீடியோக்கள் மீதான கோரிக்கையும் திரும்பப் பெறப்பட்டது. சேனல் பிழைத்தது. வீடியோக்கள் மறுபடியும் வரும். ஒரு மாதமாக ஏங்கிக் காத்திருந்த வார்த்தைகள். இப்போது செல்விக்கு அவற்றைப் படிக்கவே பொறுமையில்லை.

ஐந்து நாற்பதுக்கு இரண்டாவது மெயில் வந்தது. அதை அவள் சத்தமாகப் படித்தாள்.

'வணக்கம். என் பெயர் மலர்கொடி. அங்கமுத்து என் அப்பா. அந்தப் பாட்டை, நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பாவைப் பாட வைத்துப் பதிவு செய்தேன்.

அப்பாவின் முதல் மனைவி சின்னம்மாள் இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் எள்ளும் தண்ணீரும் இறைப்பார். உங்கள் வீடியோவைப் போட்டுக் காட்டியபோது, இது செத்தவள் குரல், எடுக்கச் சொல் என்று குழந்தை மாதிரி அழுதார். அவருக்காகத்தான் மூன்றையும் நீக்கச் சொன்னேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. மன்னித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் மெயிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். விலாசத்தை இன்னொருமுறை படிக்கச் சொன்னார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறியதை எதிர்க் கடைக்காரர் பார்த்திருக்கிறார். போனை எடுக்கவில்லை. எதற்காக வருகிறார் என்று எனக்குத் தெரியாது.'

படித்து முடித்த செல்வி அம்மாவைப் பார்த்தாள்.

சின்னம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். கலைமணியின் ஹேண்ட்பேக்கை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"கலை, நீ கெளம்பு. அடுத்த பஸ்ஸுல போயிடு. அவரு உயிரோட வர்றத நீ கண்ணால பாக்க வேணாம். நாளைக்கு எவனாவது சத்தியம் பண்ணச் சொன்னா, பாக்கலன்னு நீ தைரியமா சொல்லணும்."

கலைமணி எழுந்தாள். வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் செல்வி கதவில் கை வைத்தாள்.

"சாத்தாத" என்றாள் சின்னம்மாள்.